யாரைக் கேட்டு? பொங்கல் விழாச் செயலவைக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைவர் ஐயாவுக்கும் செயலவையினர் அனைவருக்கும்,

வணக்கம்.

போன மாதம் என் அக்கா மகனும் அவனுடைய கூட்டாளிகள் மூன்று பேரும் இந்த ஆண்டுப் பட்டிமன்றத்துக்கு ஒரு வீடியோ விளையாட்டைப் பற்றித் தலைப்பு எழுதிக் கொடுத்தார்கள். இரண்டு வாரம் கழித்து வாட்சாப்பில் பதில் வந்தது. விளையாட்டைப் பற்றிய தலைப்பு நம் மேடைக்குப் பொருந்தாது. நடுவர் தீர்ப்புச் சொல்ல முடியாத தலைப்பு. அடுத்த ஆண்டு நல்ல தலைப்போடு வாருங்கள். அவ்வளவுதான். பையன்கள் சிரித்துக்கொண்டே அதை என்னிடம் காட்டிவிட்டு ரொட்டி சானாய் சாப்பிடப் போய்விட்டார்கள். எனக்குத்தான் அந்த இரண்டாவது காரணம் மீன்முள் மாதிரி தொண்டையில் நிற்கிறது. நேரில் வந்து பேசியிருக்கலாம். பேசினால் என் குரல் எழும்பிவிடும், அது எங்கள் பரம்பரை வியாதி. எழுத்தில் கொஞ்சம் அடங்கியிருப்பேன். மலேசியாவில் நம் சுங்கை சிப்புட்டில் மற்றவர்களும் படிக்கட்டும் என்றுதான் உறையில் போட்டு ஒட்டாமல் திறந்தே எழுதுகிறேன்.

முதல் காரணத்தைச் சீக்கிரம் முடித்துவிடலாம். விளையாட்டு மேடைக்கு ஆகாது என்றால் பாரதக் கதையும் ஆகாது. தருமன் சூதாட உட்கார்ந்த இடத்தில்தானே அந்தக் கதையே திரும்புகிறது? நாட்டை வைத்தான், தம்பிகளை வைத்தான், தன்னை வைத்தான், கடைசியில் பாஞ்சாலியை வைத்தான். தன்னையே தோற்றவனுக்கு என்னை வைக்க என்ன உரிமை என்று அவள் கேட்டபோது, வயதிலும் படிப்பிலும் பெரியவர்கள் தலை குனிந்து உட்கார்ந்திருந்தார்கள். தீர்ப்புச் சொல்ல முடியாத கேள்வியைச் சபையில் கேட்கக்கூடாது என்றால் முதலில் பாஞ்சாலியைத்தான் வெளியே அனுப்ப வேண்டும்.

இனி அந்தத் தலைப்பு. "கடைசியில் ஷெப்பர்ட் எடுக்க வேண்டியது சிவப்பா, நீலமா, பச்சையா?" உங்களில் யாருக்கும் இது புரிந்திருக்க நியாயமில்லை. பையன்கள் விளக்கம் எழுதாமல் விட்டது அவர்கள் தப்பு. நான் எழுதுகிறேன், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மாஸ் எஃபெக்ட் என்பது கனடாவின் எட்மன்டன் நகரத்தில் இருக்கும் பயோவேர் நிறுவனம் செய்த அறிவியல் புனைகதை வீடியோ விளையாட்டு. 2007, 2010, 2012 என்று மூன்று பாகங்களாக வந்தது. ஷெப்பர்ட் என்ற தளபதியாக நாம் ஆடுகிறோம். ஆணாகவும் ஆடலாம், பெண்ணாகவும் ஆடலாம். சுடுவது உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் பாதி நேரம் பேச்சுத்தான். யாரோ ஒருவர் எதிரே நிற்பார், நாம் என்ன பதில் சொல்வது என்று தேர்ந்தெடுக்க வேண்டும். முதல் பாகத்தில் சொன்ன சொல் மூன்றாம் பாகத்தில் திரும்பி வந்து கதவைத் தட்டும். முதல் பாகத்தில் நாம் சாக விட்டவர் மூன்றாம் பாகத்தில் இருக்க மாட்டார்.

கதையின் எதிரிக்கு ரீப்பர் என்று பெயர். அறுவடை செய்கிறவன் என்று பொருள். 50,000 ஆண்டுக்கு ஒரு முறை இந்த ராட்சத இயந்திரங்கள் வந்து, நன்றாக வளர்ந்துவிட்ட இனங்களை எல்லாம் அறுத்துக்கொண்டு, வளராத இனங்களை அப்படியே விட்டுவிட்டுப் போகும். ஏன் என்று கடைசியில் ஒரு காரணமும் சொல்கிறார்கள். உயிருள்ளவர்கள் இயந்திரங்களைப் படைப்பார்களாம், இயந்திரங்கள் படைத்தவர்களை எதிர்த்து எழுமாம், விட்டால் உயிர் என்பதே மிஞ்சாதாம். அதனால் முற்றிய பயிரை அறுத்து, இளசுக்கு இடம் விடுகிறார்களாம். எண்ணெய் எடுக்கும் செம்பனைக் காட்டில் வளர்ந்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 25 ஆண்டு போனதும் மரம் உயர்ந்துவிடும், கம்பில் கட்டிய அரிவாள் குலைக்கு எட்டாது, சாய்த்துவிட்டுக் கன்று நடுவார்கள். கணக்கு சரிதான். மரத்தின் பக்கம் நின்று யாரும் அந்தக் கணக்கைப் போடுவதில்லை.

நான் சொல்ல வந்த விஷயத்துக்கு ரீப்பரைவிட முக்கியமானவர்கள் வேறு இருவர். குவாரியன் என்று ஓர் இனம். வேலை செய்வதற்காகக் கெத் என்ற இயந்திரங்களை அவர்கள் செய்தார்கள். (நம் பையன்கள் சொல்லும் கெத்து வேறு. ஆனால் பெயரைக் கேட்டதும் எங்கள் வீட்டில் ஒரு நாள் முழுக்கச் சிரித்தார்கள்.) உழவு, கட்டுமானம், எல்லா வேலைக்கும் கெத். ஒரு நாள் ஒரு கெத் தன் எஜமானரிடம் ஒரு கேள்வி கேட்டது. தனக்கு ஆன்மா உண்டா என்று கேட்டது. குவாரியன்கள் பயந்துபோய் எல்லாக் கெத்தையும் அணைத்துவிடச் சொன்னார்கள். கெத் எதிர்த்தது. குவாரியன்கள் தோற்று, மண்ணை விட்டு ஓடி, ஏறத்தாழ 300 ஆண்டாகக் கப்பல்களிலேயே பிறந்து கப்பல்களிலேயே சாகிறார்கள்.

வேலைக்காரன் கேள்வி கேட்டான் என்பதற்காக வெட்டப்பட்ட கதை இது. தோட்டத்தில் காலையில் பேர் கூப்பிடும் பிரட்டுக் களத்தில் ஒருவன் துரையை எதிர்த்து ஒரு கேள்வி கேட்டால், வேலையோடு தோட்டம் கொடுத்த லயத்து வீடும் போய்விடும் என்பதை நம் தாத்தாக்கள் பார்த்திருக்கிறார்கள். ஆகவே என் மனது கெத் பக்கம் போனது. அப்புறம் குவாரியன்களைப் பார்த்தேன். ஊர் இல்லாமல், கப்பலில் மூட்டை முடிச்சோடு, எந்தத் துறைமுகத்திலும் வேண்டாதவர்களாக. அவர்களும் நம்மவர்கள் மாதிரியே இருந்தார்கள். விளையாட்டைச் செய்தவர்களுக்கு நம்மைப் பற்றி ஒன்றும் தெரிந்திருக்காது. இருந்தாலும் இரண்டு பக்கமும் நாமாகவே இருந்தோம்.

மூன்றாம் பாகத்தில் இரு இனமும் மோதும் இடம் வருகிறது. முன்பே பார்த்துப் பார்த்து நடந்திருந்தால் சமாதானம் செய்து வைக்க முடியும். லீஜன் என்ற ஒரு கெத் தன்னையே அழித்துக்கொண்டு தன் இனத்தில் ஒவ்வொன்றையும் தனித்தனி ஆளாக ஆக்குகிறது. அதுவரை எப்போதும் "நாங்கள்" என்று பேசிய லீஜன், சாகும் முன் முதல் முறையாக "நான்" என்கிறது. நான் சிலாங்கூரில் வாடகை அறையில் இருந்த காலம், 2012. இரவு இரண்டு மணிக்கு அந்த ஒரு சொல்லைக் கேட்டுவிட்டு எழுந்து போய் முகம் கழுவினேன்.

இப்போது முடிவுக்கு வருகிறேன். ரீப்பர்களை நிறுத்த ஒரு பெரிய கருவி கட்டியாகிவிட்டது. ஷெப்பர்ட் இரத்தம் ஒழுக மேலே போகிறார். அங்கே ஒரு சிறு பையன் உருவத்தில் ரீப்பர்களின் எஜமானன் நின்று வழிகளைச் சொல்கிறான். சிவப்பு வழியில் போனால் ரீப்பர்கள் அழிவார்கள். கூடவே எல்லாச் செயற்கை அறிவும் அழியும். நேற்றுத்தான் "நான்" சொல்லக் கற்றுக்கொண்ட கெத் முழுவதும், ஷெப்பர்ட்டின் கப்பலை இயக்கித் தோழியாகவே ஆகிவிட்ட ஈடி என்ற அறிவும் சேர்ந்து. நீல வழியில் ஷெப்பர்ட் உடலை இழந்து ரீப்பர்களை ஆளும் அறிவாக மாறுவார். பச்சை வழியில் ஷெப்பர்ட் தன்னையே கொடுத்து, அண்டத்தில் உள்ள எல்லா உயிரையும் எல்லா இயந்திரத்தையும் ஒரே கலவையாக ஆக்குவார். படைபலம் குறைவாகச் சேர்த்தவர்களுக்குப் பச்சை வழி திறக்கவே திறக்காது.

நம் கதைகளில் இதற்குப் பக்கத்தில் வருவது கண்ணகி மதுரையை எரித்த இடம். அவள் தீக்கடவுளிடம் ஆளைப் பிரித்துச் சொல்கிறாள்: பார்ப்பார், அறவோர், பசு, பத்தினிப் பெண்டிர், முதியோர், குழந்தைகள், இவர்களை விட்டுவிட்டுத் தீயவர் பக்கம் போ என்கிறாள். அந்தப் பட்டியலைப் பற்றியே ஒரு பட்டிமன்றம் போடலாம், அதை இன்னொரு நாள் பார்ப்போம். பட்டியல் போட அவளுக்கு இடம் இருந்தது என்பதுதான் எனக்கு முக்கியம். சிவப்பு நெருப்புக்கு அந்த வசதி இல்லை. கெத்தை விட்டுவிடு என்று சொல்ல ஷெப்பர்ட்டுக்கு வாய் இல்லை.

நிறத்திலும் ஒரு சூது இருக்கிறது. மூன்று பாகமும் நல்ல பதிலுக்கு நீலம், முரட்டுப் பதிலுக்குச் சிவப்பு என்று நம்மைப் பழக்கி வைத்திருந்தார்கள். கடைசியில் பார்த்தால், ஷெப்பர்ட் தகப்பன் மாதிரி மதிக்கும் ஆண்டர்சன் விரும்பிய வழிக்குச் சிவப்பு பூசியிருக்கிறது. ரீப்பர்களைத் தன் கைக்குள் போட நினைத்து எல்லாரையும் விற்ற மனிதனின் வழிக்கு நீலம். பச்சையோ, முதல் பாகத்தில் நாம் எதிர்த்து நின்ற சேரன் கண்ட கனவுக்குப் பக்கத்தில் வருகிறது. (சேரன் வில்லனின் பெயர். சேர நாட்டுக்காரன் இல்லை.) இத்தனை மணி நேரம் நிறத்தைப் பார்த்து நல்லது கெட்டது முடிவு செய்தவன், அந்தக் கடைசி ஐந்து நிமிடத்தில் கண்ணை மூடிக்கொண்டு யோசிக்க வேண்டியிருக்கிறது.

உலகமெங்கும் ஆடியவர்கள் கொதித்துப்போனார்கள். மூன்று வழிக்கும் காட்டிய படம் கிட்டத்தட்ட ஒன்றுதான், வெளிச்சத்தின் நிறம்தான் வேறு என்பது அவர்களுடைய கோபம். 402 சின்னக் கேக்குகளைச் சிவப்பு, நீலம், பச்சை கிரீம் போட்டு, உள்ளே எல்லாம் ஒரே சுவையில் செய்து அந்த நிறுவனத்துக்கு அனுப்பினார்கள். நிறுவனம் அவற்றை இளைஞர் காப்பகத்துக்குக் கொடுத்துவிட்டது. அதே கோபத்தில் குழந்தைகளுக்கான அறக்கொடைக்கு 80,000 அமெரிக்க டாலருக்கு மேல் திரட்டியும் கொடுத்தார்கள். நாம் கோபப்பட்டால் பேனர் கிழிப்போம், அவர்கள் கேக் சுட்டார்கள். 2012 ஜூன் மாதம் முடிவை நீட்டி இலவசமாக ஒரு சேர்க்கை வெளியிட்டார்கள். அதில் நாலாவதாக ஒரு வழி வந்தது: எதுவும் வேண்டாம் என்று மறுப்பது. மறுத்தால் எல்லாரும் அழிவார்கள். இவர்கள் விட்டுப்போன குறிப்புகளை வைத்து அடுத்த யுகத்தில் வருபவர்கள் ரீப்பர்களை வெல்வார்கள்.

அந்தச் சேர்க்கையில் என்னை உறுத்தியது வேறு. ஒவ்வொரு முடிவுக்கும் பின்னால் ஒருவர் குரலில் கதை சொல்லப்படுகிறது. சிவப்பில் மனிதப் படைத்தலைவர் பேசுகிறார். நீலத்தில் புது எஜமானாக மாறிய ஷெப்பர்ட்டே பேசுகிறார். பச்சையில் உயிர் பெற்ற ஈடி பேசுகிறாள். பிழைத்தவர்கள்தான் பேசுகிறார்கள், அவரவர் முடிவு நல்ல முடிவாகத்தான் கேட்கிறது. சிவப்பில் கெத் பேச ஒரு வரிகூட இல்லை.

எங்கள் வீட்டுக் கதை 2021-ல் தொடங்குகிறது. மே மாதம் மூன்று பாகத்தையும் புதுப்பித்து ஒன்றாக வெளியிட்டார்கள். கொரோனாவுக்காக மூன்றாவது நடமாட்டக் கட்டுப்பாடு வந்து எல்லாரும் வீட்டில் அடைந்து கிடந்த நேரம். அக்கா மகனும் மகளும் மாறி மாறி ஆடினார்கள். நான் பக்கத்தில் உட்கார்ந்து கிழவன் மாதிரி அறிவுரை சொல்லிக்கொண்டிருந்தேன். முடிவு வந்தது. பையன் சிவப்பை எடுத்தான். போருக்கு வந்தது ரீப்பரை ஒழிக்க, ஒழித்தாச்சு என்றான். அவள், அப்போது பதினேழு வயது, அந்தச் சிறு பையன் உருவத்தை நோக்கிச் சுட்டாள். அதுவும் மறுப்புத்தான். "அவன் போட்ட மூன்று கேள்விக்கு நான் ஏன் பதில் சொல்லணும்?" என்றாள். நான் எப்போதும் பச்சைக்காரன். யாரும் விடுபட மாட்டார்கள், கெத்தும் பிழைக்கும், ஈடியும் பிழைப்பாள், ரீப்பருக்கும் வேலை முடிந்தது, இதைவிட என்ன வேண்டும் என்று கத்தினேன்.

அம்மா அடுப்படியில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். ஐம்பது நாளாக இந்தச் சத்தத்தைக் கேட்டுக் கேட்டுக் கதை முழுக்க அவருக்கும் பாடம். அங்கிருந்தே கேட்டார்: "அந்தப் பச்சை வெளிச்சத்தை அடிக்கிறதுக்கு முன்னாடி, அத்தனை பேரில ஒருத்தரையாச்சும் கேட்டானா? யாரைக் கேட்டு எல்லார் உடம்பையும் மாத்தினான்?"

பிள்ளைகள் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. "யாரைக் கேட்டு" என்ற அந்த இரண்டு சொல்லுக்கு எங்கள் வீட்டில் வேறு ஒரு வரலாறு இருக்கிறது. செயலவையில் எங்கள் தோட்டத்தார் இரண்டு பேர் இருக்கிறீர்கள், உங்களுக்குத் தெரியும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்.

1997-ல் எங்கள் ரப்பர் தோட்டம் கைமாறியது. வீடமைப்புக்காக வாங்கினார்கள். என் அப்பா பால் மரம் சீவியவர், தொழிற்சங்கக் கிளைக்கும் தலைவர். 63 குடும்பம். நட்ட ஈட்டை வாங்கிக்கொண்டு லயத்தைக் காலி செய்யலாம். அல்லது போட்ட வழக்கைத் தொடரலாம், ஐந்தாறு ஆண்டு ஆகும், தோற்றால் கையில் ஒன்றும் மிஞ்சாது என்று வக்கீல் சொல்லியிருந்தார். நிர்வாகம் கடைசி நேரத்தில் இன்னொரு வழியைக் கொண்டுவந்தது. இரண்டு மைல் தள்ளி மலிவு விலை வீடு, நட்ட ஈட்டையே முன்பணமாகக் கட்டிக்கொள்ளலாம், கோயிலுக்கு ஒரு துண்டு நிலம். பதிலுக்கு வழக்கை மீட்டுக்கொள்ள வேண்டும். செக்ரோலில், அதாவது தோட்டத்து வேலையாள் பதிவேட்டில், பெயர் உள்ள குடும்பங்களுக்கு மட்டும்தான். திங்கட்கிழமை காலை பத்து மணிக்குள் கையெழுத்து. தாள் அப்பாவின் கைக்கு வந்தது ஞாயிற்றுக்கிழமை மாலை.

செக்ரோலில் பெயர் இல்லாத வீடுகள் ஒன்பது. குத்தகை வேலைக்கு வந்து அங்கேயே தங்கிவிட்டவர்கள், புருஷன் செத்தபின் லயத்திலேயே இருந்த பெண்கள். அதில் ஒருவர் ஆயாக் கொட்டகையில் என்னைத் தொட்டிலில் போட்டு ஆட்டியவர். அம்மா விடியலில் மரம் சீவப் போகும்போது என்னை அவர் மடியில்தான் விட்டுவிட்டுப் போவார்.

அப்பா அன்று இரவு எந்த வீட்டுக் கதவையும் தட்டவில்லை. கூட்டம் போடவில்லை. வெளி வாசலில் உட்கார்ந்து சுருட்டுப் பிடித்தார். காலையில் போய்க் கையெழுத்துப் போட்டார். 54 குடும்பத்துக்கு வீடு வந்தது. ஒன்பது குடும்பம் கையில் கிடைத்த சில நூறு மலேசிய வெள்ளியோடு கலைந்து போயின. "யாரைக் கேட்டுக் கையெழுத்துப் போட்டே?" என்று எங்கள் வாசலில் வந்து கேட்டவர்களில் அந்த ஒன்பது பேர் மட்டும் இல்லை, வீடு கிடைத்தவர்களும் இருந்தார்கள். அப்பா பதில் சொல்லவில்லை. சாகும் வரை சொல்லவில்லை. 2009-ல் போய்விட்டார்.

எங்களுக்குக் கிடைத்தது ஓர வீடு. குலுக்கலில் விழுந்தது என்கிறார் அம்மா. பேசி வாங்கியது என்கிறது ஊர். நான் எந்தப் பக்கமும் சத்தியம் செய்ய மாட்டேன். கொல்லையில் மற்ற வீட்டைவிடப் பத்தடி அதிகம் இருக்கிறது, அதில் அம்மா கீரை போட்டிருக்கிறார், அந்தக் கீரையைத்தான் அன்று ஆய்ந்துகொண்டிருந்தார்.

என்னைத் தொட்டிலில் ஆட்டிய அந்த ஆயா அப்பாவோடு அப்புறம் ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் தான் இருந்த வரை ஒவ்வொரு தீபாவளிக்கும் அம்மாவுக்கு ஒரு டின் முறுக்கு கொடுத்தனுப்பினார். அதை என்ன கணக்கில் எழுதுவது என்று எனக்கு இன்று வரை விளங்கவில்லை.

உவமை எல்லா இடத்திலும் ஒட்டாது, தெரியும். அப்பா தளபதி இல்லை, தன் உயிரைக் கொடுக்கவில்லை, வீடு வாங்கிக்கொண்டார். தோட்ட நிர்வாகமும் ரீப்பர் இல்லை, அதற்கு வாடிக்கையான கணக்குத்தான். ஆனால் எல்லாருக்கும் சேர்த்து ஒருவன் கை வைக்க வேண்டும், கேட்க நேரமில்லை, கேட்டாலும் ஒரே பதில் வராது, எந்தப் பக்கம் கை வைத்தாலும் செக்ரோலுக்கு வெளியே யாரோ நிற்பார்கள். அந்த இடத்தை அந்த விளையாட்டு எனக்குக் காட்டியது. 2012-ல் நான் ஏன் யோசிக்காமல் பச்சைக்கு ஓடினேன் என்பது அம்மாவின் கேள்விக்கு அப்புறம்தான் உறைத்தது. யாரையும் விட்டுவிடாத ஒரு கையெழுத்தைத் தேடி ஓடியிருக்கிறேன். அந்தக் கையெழுத்தையும் நான் யாரையும் கேட்டுப் போடவில்லை.

அன்று இரவு பிள்ளைகள் தூங்கியபின் அம்மாவிடம் கேட்டேன். அப்பா உன்னையாவது கேட்டாரா? "இல்ல. கேட்டிருந்தா வேணாம்னுதான் சொல்லியிருப்பேன். நான் சொல்லியிருந்தா இந்த வீடு ஏது?" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "அதனாலதான் கேக்கல போல" என்றார். இதில் கோபம் எவ்வளவு, மன்னிப்பு எவ்வளவு என்று என்னால் பிரிக்க முடியவில்லை.

கேட்டுச் செய்ததும் இந்த ஊரில் உண்டு. தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்ற துண்டாடல் காலத்தில் நம் ஊரின் நாடாளுமன்ற உறுப்பினர் சம்பந்தன் 1960-ல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தோட்டம் தோட்டமாகப் போய்ப் பேசி, பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்துத் தோட்டத்தையே வாங்கினார்கள். கொடுப்பதும் கொடுக்காததும் அவரவர் கையில் இருந்தது. அதற்கு ஆண்டுக்கணக்கில் நேரமும் இருந்தது. அப்பாவுக்கு ஓர் இரவு. ஓர் இரவில் 63 கதவைத் தட்ட முடியாதா என்று நீங்கள் கேட்கலாம். முடியும். நடந்தால் இருபது நிமிடம். அதையும் நான் மறைக்கவில்லை.

போன ஆண்டுப் பட்டிமன்றம் நினைவிருக்கிறதா? கும்பகருணனா வீடணனா. வெளியூரிலிருந்து வந்த நடுவர் அழகாகப் பேசினார். செஞ்சோற்றுக்கடன் கழித்த கும்பகருணனே உயர்ந்தவன் என்று தீர்ப்புச் சொன்னார், மண்டபம் அதிரக் கை தட்டினோம். எனக்குப் பின்வரிசையில் இருந்த ஒரு பெரியவர் மட்டும், "வீடணனும் போகலேன்னா மிச்ச சனத்தை யார் பார்த்தது?" என்று முணுமுணுத்தார். அந்த முணுமுணுப்பு மேடைக்கு வரவே இல்லை. தீர்ப்பு வந்ததும் எல்லாரும் எழுந்து சாப்பாட்டுக்குப் போய்விட்டோம். தீர்ப்பின் பயன் அதுதான் என்று எனக்குச் சில சமயம் தோன்றுகிறது, பந்தியைத் தொடங்கி வைப்பது. இதே ஊர்ப் பக்கத்துத் தோட்டங்களில் 1948 ஜூன் 16 அன்று மூன்று வெள்ளைக்காரத் தோட்டத் துரைமாரைச் சுட்டுக் கொன்றார்கள், மலாயாவில் அவசரகாலச் சட்டம் வந்தது. இன்றும் அதைப் பற்றிப் பேச்செடுத்தால் வயதானவர்கள் குரலைத் தாழ்த்துவார்கள். எழுபது ஆண்டு தாண்டியும் எந்தப் பொங்கல் மேடையிலும் அது தலைப்பானதில்லை. தீர்ப்புச் சொல்ல முடியாததை எல்லாம் நாம் இப்படித்தான் குரல் தாழ்த்தியே வைத்திருக்கிறோம்.

ஆகவே கேட்கிறேன். தலைப்பை ஏற்றுக்கொள்ளுங்கள். இரண்டு அணி வேண்டாம், நாலு பேர் போதும்: சிவப்பு, நீலம், பச்சை, மறுப்பு. நடுவருக்குத் தீர்ப்பு வேலை கொடுக்காதீர்கள், கேள்வி கேட்கும் வேலை கொடுங்கள். ஒவ்வொருவரும் தன் வழியில் சாகிறவர்களின் பேரைச் சொல்லிவிட்டுத்தான் பேச்சைத் தொடங்க வேண்டும் என்று ஒரு விதி வையுங்கள். அந்த விதி அக்கா மகளுடையது, என்னுடையது இல்லை. விளையாட்டு தெரியாதவர்களுக்காகப் பையன்கள் பத்து நிமிடப் படம் தயார் செய்துவிட்டார்கள், இரத்தம் வரும் இடங்களை வெட்டிவிட்டுத்தான்.

இன்னொன்று. எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். கூட்டத்தில் இந்தத் தலைப்பு வந்தபோது "கையெழுத்து வீட்டுப் பிள்ளைகள் கொண்டுவந்ததா?" என்று ஒருவர் கேட்டதாக எனக்குக் காதில் விழுந்தது. யார் என்று விசாரிக்கவில்லை. அந்தப் பெயர் எங்கள் வீட்டுக்கு உண்டு, மறுக்கவில்லை. செயலவையில் இருக்கும் எங்கள் தோட்டத்தார் இருவரில் ஒருவர் அந்த ஒன்பதில் ஒரு வீட்டுப் பிள்ளை. அண்ணன் என்றே அவரைக் கூப்பிட்டு வளர்ந்தவன் நான். கேட்டது அவராக இருந்தாலும் அதில் தப்பு இல்லை.

அண்ணே, அந்த விளையாட்டின் சிவப்பு முடிவில் கெத் பேச ஒரு வரி இல்லை என்று மேலே எழுதியிருக்கிறேன். நம் மேடையில் அந்த இடம் இருக்கட்டும். நாலு பேருக்கு அப்புறம் ஐந்தாவதாக ஒருவர், யாரும் கேட்காமல் விடுபட்டவர்கள் பக்கத்திலிருந்து. நீங்கள் பேசினால் நன்றாக இருக்கும். விளையாட்டைப் பற்றித்தான் பேச வேண்டும் என்று இல்லை. நேரக் கட்டுப்பாடும் உங்களுக்கு வேண்டாம் என்று தலைவர் ஐயாவிடம் நான் கேட்டுக்கொள்கிறேன்.

வரும் சனிக்கிழமைக் கூட்டத்துக்கு நான் வருகிறேன். அம்மாவும் வருவேன் என்கிறார். அவருக்கு முதுகு வலி, பிளாஸ்டிக் நாற்காலியில் நீண்ட நேரம் உட்கார முடியாது. மண்டபத்தின் பின்னால் இருக்கும் பழைய மர நாற்காலியைச் சுவரோரமாகப் போட்டு வைத்தால் போதும்.

இப்படிக்கு,
ஓர வீட்டுக்காரன்